ஆறாம் வகுப்புக்கு எந்த அரசுப் பள்ளி? கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்

கேள்வி: பெங்களூர் ஈஜிபுராவில் இருக்கிறோம். சொந்த ஊர் வாணியம்பாடி பக்கம். கணவருக்குப் பெயிண்டிங் வேலை, நான் கார்மெண்ட்ஸுக்குப் போகிறேன். மகள் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன இங்கிலீஷ் மீடியம் ஸ்கூலில் ஐந்தாவது படிக்கிறாள். ஃபீஸ் கட்டி மாளவில்லை. ஆறாவதுக்கு கவர்மெண்ட் ஸ்கூலில் சேர்க்கலாம் என்று இருக்கிறோம். நடந்து போகிற தூரத்தில் ஒன்று இருக்கிறது. பழைய கட்டடம், பிள்ளைகள் குறைவு. இரண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொன்று. புதுசாகப் பெயிண்ட் அடித்து, ஸ்மார்ட் போர்டு வைத்து, வாசலில் இங்கிலீஷ் மீடியம் என்று எழுதியிருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் எல்லாரும் இரண்டாவதைத்தான் சொல்கிறார்கள். எனக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. ஒரு ஸ்கூல் நல்ல ஸ்கூலா இல்லையா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பெயிண்டையும் வாசல் போர்டையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். ஆறு, ஏழாம் வகுப்புகளில் ஒரு பள்ளியின் தரம் இரண்டு இடங்களில் தெரியும். கணக்குக்கும் அறிவியலுக்கும் மொழிக்கும் அந்தந்தப் பாடம் படித்த ஆசிரியர் இருக்கிறாரா என்பது ஒன்று. பிள்ளைகளின் நோட்டில் அந்த ஆசிரியரின் கை பட்டிருக்கிறதா என்பது மற்றொன்று. கன்னடம் படிக்கத் தெரியாமலே இரண்டையும் நீங்கள் பார்த்துவிடலாம். ஒரு வேலை நாளில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

ஐந்தாவது வரை நல்ல ஆசிரியர் ஒருவரே எல்லாப் பாடத்தையும் நடத்திவிடலாம். ஆறாவதில் பின்னமும், பூஜ்யத்துக்குக் கீழே போகும் எண்களும், எழுத்தை வைத்துப் போடும் கணக்கும் வந்துவிடுகின்றன. அறிவியல் தனிப் பாடமாகக் கனக்கிறது, மூன்றாவது மொழியும் சேர்கிறது. கர்நாடகத்தில் அரசு ஹிரிய பிராத்மிக, அதாவது உயர் தொடக்கப் பள்ளிகள் பெரும்பாலும் ஏழாவதோடும், சில எட்டாவதோடும் முடிகின்றன. அதன்பின் ஹைஸ்கூல். பின்னம் புரியாமல் எட்டாவதுக்குப் போகிற பிள்ளை அங்கே இயற்கணிதத்தில் மாட்டிக்கொள்ளும். எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில் தடுமாறுகிற பிள்ளைகளின் பிரச்சினையைத் தோண்டினால், பல சமயம் அது ஆறாவதில் தொடங்கியிருக்கும். அதனால் நீங்கள் இந்தக் கட்டத்தில் விசாரிப்பது மிகவும் சரி.

முதலில் வீட்டிலிருந்தே செய்யக்கூடியது. யுடைஸ் பிளஸ் என்று மத்தியக் கல்வி அமைச்சகத்தின் தளம் ஒன்று இருக்கிறது. அதில் ‘நோ யுவர் ஸ்கூல்’ என்ற பக்கத்தில் பள்ளியின் பெயரையோ, 11 இலக்க எண்ணையோ போட்டுத் தேடலாம். கர்நாடகப் பள்ளிகளின் எண் 29 என்று தொடங்கும். பல பள்ளிகளில் வாசல் போர்டிலேயே இதை எழுதியிருப்பார்கள். எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள், என்ன மீடியம், கழிப்பறை, தண்ணீர் என்று எல்லாம் அதில் வரும். ஆனால் அவை பள்ளியே நிரப்பிக் கொடுத்த விவரங்கள், பல மாதங்கள் பழையவையும்கூட. கழிப்பறை ‘இருக்கிறது’ என்று பதிவாகியிருந்தால், பூட்டுப் போட்ட கழிப்பறையும் அந்தக் கணக்கில் இருக்கும். எனவே அந்த விவரங்களை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு நேரில் ஒப்பிட வைத்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

அந்தத் தாளில் நீங்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஆசிரியர் எண்ணிக்கை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை தெளிவாக ஒரு கணக்கு வைத்திருக்கிறது. வகுப்புக்கு ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும். அறிவியலும் கணக்கும் சேர்த்து ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர் என்று குறைந்தது மூன்று பேர். 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். பிள்ளைகள் 100க்கு மேல் போனால் முழுநேரத் தலைமை ஆசிரியர் தனியாக வேண்டும். ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர்களும் வேண்டும். ஆண்டுக்கு 220 வேலை நாள், 1,000 மணி நேரப் பாடம் என்பதும் அதே சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. பிள்ளைகள் குறைவாக இருக்கிறார்கள் என்பதற்காக அந்த மூன்று பேரைக் குறைக்கச் சட்டத்தில் இடமில்லை.

நடைமுறையில் சின்னப் பள்ளிக்கு வரும் ஆபத்து இங்கேதான். சேர்க்கை குறைந்தால் ஆசிரியர் ‘கூடுதல்’ என்று கணக்காகி வேறு பள்ளிக்கு மாற்றப்படலாம். அந்த இடம் காலியாகவே கிடக்கும், அல்லது அதிதி சிக்ஷகர் என்று சொல்கிற கௌரவ ஆசிரியர் வருவார். அதிதி சிக்ஷகர் என்றால் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். பி.எட். முடித்துவிட்டு நிரந்தர வேலைக்காகக் காத்திருக்கிற, உயிரைக் கொடுத்து நடத்துகிற இளம் ஆசிரியர்கள் அவர்களில் நிறைய உண்டு. சிக்கல், அவரை ஒவ்வொரு ஆண்டும் புதிதாக நியமிக்க வேண்டும் என்பதில்தான். பள்ளி திறந்து ஆள் வருவதற்குள் சில வாரங்கள் ஓடிவிடும். ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: “ஆறாவதுக்குக் கணக்கு யார் எடுக்கிறார்? இந்த வருஷம் எந்த மாசத்திலிருந்து எடுக்கிறார்? இந்த ஸ்கூலில் எத்தனை வருஷமாக இருக்கிறார்?” இந்த மூன்றுக்கும் தடையில்லாமல் பதில் வந்தால் பாதி கவலை தீர்ந்தது. “யாராவது ஒருத்தர் பார்த்துக்கிறாங்க” என்று பதில் வந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நேரில் போக நல்ல நாள், செவ்வாய் முதல் வியாழனுக்குள் ஒரு சாதாரண நாள். சனிக்கிழமை அரை நாள்தான், எதுவும் தெரியாது. ஆண்டு விழா, பிரதிபா காரஞ்சி என்ற கலைத் திறன் போட்டி, விளையாட்டுப் போட்டி நடக்கும் நாட்களில் பள்ளி அழகாக இருக்கும், வகுப்பு நடக்காது. மார்ச்சில் போனால் பரீட்சை. வகுப்பறைக்குள் நேராக நுழைய வேண்டாம். முதலில் தலைமை ஆசிரியரைப் பார்த்து, “பிள்ளையை ஆறாவதில் சேர்க்கலாம் என்று இருக்கிறோம், கொஞ்சம் பார்த்துவிட்டுப் போகலாமா மேடம்” என்று கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகவே காட்டுவார்கள். சேர்க்கை வேண்டும் என்ற அக்கறை அவர்களுக்கும் இருக்கிறது. இன்று நேரமில்லை என்று சொன்னால் வேறு நாள் கேளுங்கள். ஒருமுறை மறுத்ததை வைத்துத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

தலைமை ஆசிரியர் அறையிலோ வராந்தாவிலோ ஒரு கரும்பலகை இருக்கும். வகுப்புவாரியாகத் தாகலாத்தி, ஹாஜராத்தி என்று இரண்டு எண்கள் எழுதியிருப்பார்கள். முதலாவது பெயர் இருப்பவர்கள், அடுத்தது அன்றைக்கு வந்தவர்கள். எழுத்து தெரியாவிட்டாலும் எண் தெரியும். ஆறாவதில் 40 பேர் பதிவில் இருந்து 36 பேர் வந்திருந்தால் உயிருள்ள பள்ளி. 40க்கு 27 என்றால், ஏன் என்று விசாரிக்க வேண்டும். பலகையில் தேதி நேற்றையதாகவோ போன வாரத்தினுடையதாகவோ இருந்தால் அதுவும் ஒரு தகவல்தான். கூடவே ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது எண்களை வரிசையாகப் பாருங்கள். ஐந்தில் 40, ஏழில் 20 என்று பாதியாகச் சரிந்திருந்தால், பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று கேளுங்கள். மொரார்ஜி தேசாய் விடுதிப் பள்ளிகளுக்கு ஆறாவதில் தேர்வு எழுதிப் போயிருந்தால் அது பள்ளிக்குப் பெருமை. பெற்றோர் வெளியே எடுத்துவிட்டார்கள் என்றால் காரணத்தைப் பெற்றோரிடமே கேட்க வேண்டும்.

இப்போது நோட்டுக்கு வருகிறேன். இதற்குத்தான் அதிக நேரம் கொடுங்கள்.

ஆறாம் வகுப்புக் கணக்கு நோட்டு மூன்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஒன்று முன்வரிசைப் பிள்ளையுடையது, ஒன்று நடுவில், ஒன்று கடைசி பெஞ்ச். முதல் ரேங்க் பிள்ளையின் நோட்டை மட்டும் எடுத்து நீட்டினால், “இது ரொம்ப நல்லா இருக்கு, இன்னும் ரெண்டு காட்டுங்க” என்று மரியாதையாகக் கேளுங்கள். கணக்கை எந்த மீடியத்தில் நடத்தினாலும் எண்களும் கூட்டல் பெருக்கல் குறிகளும் நீங்கள் படித்தவைதான்.

முதலில் தேதிகளைப் புரட்டுங்கள். கணக்கு கிட்டத்தட்ட தினமும் நடக்க வேண்டிய பாடம். வாரத்தில் நான்கு ஐந்து தேதிகளாவது இருக்க வேண்டும். நடுவில் இரண்டு மூன்று வாரம் ஒன்றுமே இல்லாமல் ஓர் இடைவெளி இருந்தால், அப்போது என்ன நடந்தது என்று கேளுங்கள். தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு போன்ற பணிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பச் சட்டமே அனுமதிக்கிறது. 2025இல் நடந்த சமூக, கல்விக் கணக்கெடுப்புக்காகக் கர்நாடகத்தில் தசரா விடுமுறையே அக்டோபர் 18 வரை நீண்டது. அதற்குப் பள்ளியைக் குறை சொல்ல முடியாது. விட்டுப்போன பாடத்தை எப்படி ஈடுகட்டினார்கள் என்பதில்தான் பள்ளிக்குப் பள்ளி வித்தியாசம் தெரியும்.

அடுத்து மூன்று நோட்டிலும் ஒரே தேதியின் பக்கத்தைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி, அடித்தல் திருத்தல் இல்லாமல், எல்லாம் சரியாக இருந்தால் நிம்மதிப்படாதீர்கள். கரும்பலகையில் எழுதிப் போட்டதைப் பிள்ளைகள் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும் நோட்டு பல சமயம் இந்த வகைதான். பிள்ளை தானே போட்ட கணக்கில் தப்பு இருக்கும். இருக்கத்தான் வேண்டும்.

அந்தத் தப்பை ஆசிரியர் என்ன செய்திருக்கிறார் என்று பாருங்கள். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டச் சொன்னால், மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதுவது ஆறாம் வகுப்பின் பொதுவான தப்பு. ஐந்தில் இரண்டு என்பது அரையைவிடவே குறைவு, கூட்டினால் எப்படிக் குறையும்? சாதாரணமாக நடக்கும் வகுப்பில் அதன் மேல் ஒரு சிவப்புக் குறுக்குக் கோடு மட்டும் இருக்கும். அக்கறையாக நடக்கும் வகுப்பில் தப்பு தொடங்கும் இடத்தில் ஒரு வட்டம் இருக்கும், ஓரத்தில் ஒரு படமோ குறிப்போ இருக்கும், கீழே பிள்ளை மறுபடி போட்டுப் பார்த்த கணக்கு இருக்கும். ஒரு பக்கத்திலாவது இப்படி வட்டம், மறு முயற்சி, அதற்கும் ஒரு டிக் என்று மூன்றையும் பார்த்தீர்களானால், அந்த ஆசிரியரிடம் உங்கள் மகளை நம்பி விடலாம். கடைசி பெஞ்ச் பிள்ளையின் நோட்டில் அதைப் பார்த்தால் இன்னும் நல்லது.

மாதக் கணக்காகத் திருத்தாத பக்கங்கள், அல்லது தேதியில்லாமல் மொத்தமாக ஒரே நாளில் போட்டது போன்ற டிக்குகள், இவை கெட்ட அறிகுறி. வாக்கியக் கணக்குகள் நோட்டில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். வெறும் கூட்டல் கழித்தல் மட்டும் நிரம்பியிருந்தால், பிள்ளைகள் படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய கணக்கைத் தவிர்க்கிறார்கள் என்று அர்த்தம்.

அறிவியலுக்கு நோட்டைவிட அலமாரியைப் பாருங்கள். காந்தம், லென்ஸ், தெர்மாமீட்டர், சோதனைக் குழாய் என்று ஒரு பெட்டி இருக்கும். அதன் மேல் தூசி எவ்வளவு என்பதே பதில். ஸ்மார்ட் போர்டையும் இதே மாதிரிதான் பார்க்க வேண்டும். கடைசியாக என்றைக்குப் போட்டீர்கள், எந்தப் பாடத்துக்கு என்று கேட்டால் தெரிந்துவிடும்.

இங்கிலீஷ் மீடியம் போர்டு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் சொந்தக்காரர்களின் முழு வாதமும் அதில் நிற்கிறது. கர்நாடக அரசு 2019-20இல் 1,000 அரசுப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பில் இங்கிலீஷ் மீடியம் பிரிவு தொடங்கியது. அப்போது ஒன்றாவதில் சேர்ந்த பிள்ளைகள் 2024-25இல்தான் ஆறாவதுக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு தொடங்கிய பள்ளியாக இருந்தால் ஆறாவதில் அந்தப் பிரிவு இன்னும் இல்லாமலே இருக்கலாம், வாசலில் போர்டு மட்டும் இருக்கும். அதனால் “ஆறாவதில் இங்கிலீஷ் மீடியம் செக்‌ஷன் இருக்கிறதா, அதில் எத்தனை பிள்ளைகள்?” என்று குறிப்பாகக் கேளுங்கள். இருக்கிறது என்றால் அந்தப் பிரிவின் அறிவியல் நோட்டைப் பாருங்கள். பிள்ளைகளால் சொந்தமாக இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் எழுத முடிகிறதா, அல்லது கைடிலிருந்து வந்த பதிலா என்று மூன்று நோட்டை ஒப்பிட்டாலே புரியும்.

கன்னடத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தனியார் இங்கிலீஷ் மீடியம் பள்ளிகளில் கன்னடம் பெரும்பாலும் இரண்டாம் மொழி, அரசுப் பள்ளியில் முதல் மொழி. முதல் மொழிப் புத்தகம் கனமானது. எஸ்.எஸ்.எல்.சி.யில் முதல் மொழிக்கு 125 மதிப்பெண், மற்றவற்றுக்கு 100. உங்கள் மகளிடம் நான்காம் வகுப்பு முதல் மொழிக் கன்னடப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். தட்டுத் தடுமாறி வாசித்தாலும் பரவாயில்லை, கோடை விடுமுறையில் தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்தால் எட்டிப் பிடிப்பாள். ஒத்தக்ஷரம், அதாவது எழுத்துக்கு அடியில் எழுத்து வரும் இடங்களில்தான் தமிழ்ப் பிள்ளைகள் அதிகம் திணறுவார்கள். அதைத் தனியாகப் பழக்க வேண்டும். தமிழை முதல் மொழியாகக் கற்பிக்கும் அரசுப் பள்ளிகள் நகரத்தில் சில உண்டு. அப்படி ஒன்றில் சேர்க்க ஆசை என்றால் தமிழ் ஆசிரியர் நிரந்தரமானவரா, எட்டாவதிலிருந்து எந்த ஹைஸ்கூலில் தமிழ் தொடரும் என்ற இரண்டையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பெண் பிள்ளை என்பதால் கழிப்பறையை நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள், வேறு யாரும் சொல்லி நம்ப வேண்டாம். மதியச் சாப்பாட்டு இடைவேளை முடிகிற நேரத்தில் போனால் உண்மை நிலை தெரியும். தாழ்ப்பாள் விழுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, பக்கெட் இருக்கிறதா, மூடியுள்ள குப்பைத் தொட்டி இருக்கிறதா, சாவி யாரிடம் இருக்கிறது. கழிப்பறை சுத்தமாக இருந்து பூட்டியிருந்தால் அது பிள்ளைகளுக்கானதாக இல்லை. ஆறாவது ஏழாவதில் பெண் பிள்ளைகள் மாதத்தில் சில நாள் வராமல் போவதற்கும், நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருப்பதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். ‘சுச்சி’ திட்டத்தில் வரும் நாப்கின் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறதா, எந்த டீச்சரிடம் கேட்க வேண்டும் என்று ஏழாம் வகுப்புப் பெண்ணிடம் கேட்டால் சொல்வாள். பள்ளிக்கு ஆண்டுதோறும் சமக்ர சிக்ஷாவில் மானியம் வருகிறது. பிள்ளைகள் 31 முதல் 100 வரை என்றால் 25,000 ரூபாய், 101 முதல் 250 வரை 50,000, அதற்கு மேல் 1,000 வரை 75,000. அதில் பத்தில் ஒரு பங்காவது சுகாதாரத்துக்குச் செலவிட வேண்டும் என்பது விதி. பணமே இல்லை என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

பிசியூட்டாவை, அதாவது பள்ளியில் தரும் மதியச் சாப்பாட்டை, அந்த நேரத்திலேயே பார்த்துவிடலாம். ஆறு முதல் எட்டு வரையுள்ள பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 150 கிராம் அரிசி, 30 கிராம் பருப்பு, 75 கிராம் காய் என்பது அளவு. சாம்பாரில் கரண்டியை விட்டால் பருப்பும் காயும் மேலே வர வேண்டும். பரிமாறும் முன் ஓர் ஆசிரியர் ருசி பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. டீச்சர்களே அங்கே உட்கார்ந்து அதைச் சாப்பிட்டால் சமையலைப் பற்றி வேறு சான்று தேவையில்லை.

பள்ளி விட்டதும் வாசலில் பத்து நிமிடம் நில்லுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரிடம், “இன்னிக்குக் கணக்கு கிளாஸ் நடந்துச்சா? என்ன கணக்கு போட்டீங்க?” என்று மட்டும் கேளுங்கள். டீச்சர் நல்லவரா என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் நல்லவர் என்றுதான் சொல்லும். என்ன கணக்கு என்று கேட்டால் நடந்திருந்தால் சொல்லிவிடும். அடிக்கிறார்களா என்பதையும் பிள்ளைகள் பேச்சிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். பிள்ளையை அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தடை செய்கிறது. கட்டுப்பாடான பள்ளி என்று சொல்லி அதை நியாயப்படுத்துகிறவர்கள் பேச்சைக் காதில் வாங்க வேண்டாம்.

பெற்றோர்கள் அதிகம் யோசிக்காத ஒரு வழி இருக்கிறது. இந்த இரண்டு பள்ளியிலிருந்தும் பிள்ளைகள் எட்டாவதுக்கு எந்த ஹைஸ்கூலுக்குப் போகிறார்கள் என்று கேட்டு, அங்கே எட்டாம் வகுப்புக் கணக்கு ஆசிரியரிடம் பேசுங்கள். எந்தப் பள்ளிப் பிள்ளைகள் வகுத்தலும் பின்னமும் தெரிந்து வருகிறார்கள் என்பது ஜூன் மாதமே அவருக்குத் தெரிந்துவிடும். அவர் சொல்லும் ஒரு வாக்கியத்துக்கு நிறைய மதிப்பு உண்டு.

இவற்றையெல்லாம் விட்டுவிட்டுத் தேர்ச்சி சதவீதம் கேட்பதில் பயனில்லை. ஆறாவது ஏழாவதில் அநேகமாக எல்லாரும் மேலே போய்விடுவார்கள், நூற்றுக்கு நூறு என்பது எல்லாப் பள்ளியிலும் இருக்கும். பேப்பரில் வரும் கல்வி ஆய்வுகளும் உங்களுக்கு உதவாது. அசர் அறிக்கை கிராமப்புறத்தைப் பற்றியது. மற்ற ஆய்வுகள் மாதிரிக்குச் சில பள்ளிகளை எடுத்துச் செய்பவை. உங்கள் தெருப் பள்ளியைப் பற்றி அவற்றில் ஒன்றும் இருக்காது. பள்ளி எட்டாவது வரை இருந்தால் மட்டும் ஒரு கேள்வி: “என்.எம்.எம்.எஸ். பரீட்சைக்குப் போன வருஷம் எத்தனை பேரை உட்கார வைத்தீர்கள்?” எட்டாவதில் எழுதும் இந்த உதவித்தொகைத் தேர்வில் தேர்ந்தெடுக்கப்பட்டால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வரும். குடும்ப வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அரசு, உதவி பெறும், உள்ளாட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியது, தனியார் பள்ளியில் இருந்தால் எழுத முடியாது. இதற்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிற பள்ளி, பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றி யோசிக்கிற பள்ளி.

இத்தனையும் பார்த்த பிறகு எப்படி முடிவு செய்வது? மூன்று விஷயத்தில் ஒன்று தவறினாலும் அந்தப் பள்ளியை விட்டுவிடுங்கள்: ஆறாவது ஏழாவதுக்குக் கணக்கு ஆசிரியர் இல்லை, பெண்கள் கழிப்பறை பயன்படுத்தும் நிலையில் இல்லை, வருகை முக்கால் பங்குக்குக் கீழே. மற்றவை எல்லாம் குறைவாக இருந்தாலும் சமாளிக்கலாம். ஆங்கிலம் கொஞ்சம் குறைந்தால் வீட்டில் ஈடுகட்டலாம், விளையாட்டு மைதானம் இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை எங்காவது விளையாடலாம். இரண்டு வருடம் கணக்கு நடக்காவிட்டால் அதை ஈடுகட்ட டியூஷனுக்குப் பணம் தேட வேண்டியிருக்கும், அதற்குத் தனியார் பள்ளி ஃபீஸே கட்டியிருக்கலாம்.

இரண்டும் இந்த மூன்றிலும் தேறினால் நான் நடக்கும் தூரப் பள்ளியைத்தான் சொல்வேன். சக்தி திட்டத்தில் பி.எம்.டி.சி. சாதா பஸ்ஸில் மகளுக்கு டிக்கெட் வேண்டாம் என்பது உண்மைதான், ஆனால் ஈஜிபுரா சிக்னல் நெரிசலில் பத்து வயதுப் பிள்ளை தினமும் தனியாகப் போய்வர வேண்டும். நீங்களும் கார்மெண்ட்ஸ் ஷிஃப்டிலிருந்து பெற்றோர் கூட்டத்துக்கு ஓடி வர வேண்டும். பக்கத்தில் இருக்கும் பள்ளியின் எஸ்.டி.எம்.சி. என்ற பள்ளி மேற்பார்வைக் குழுவில் நீங்களே உறுப்பினராகலாம். அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதி பெண்கள் என்பது சட்டம். வகுப்பில் இருபது பிள்ளைகள் மட்டும் இருப்பது, ஆசிரியர் இருக்கும் வரை, குறையே இல்லை. எல்லா நோட்டையும் திருத்த அவருக்கு நேரம் கிடைக்கும்.

முடிவு செய்வதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேலை செய்யுங்கள். முதலில், இப்போது படிக்கும் தனியார் பள்ளியின் கணக்கு நோட்டை இதே கண்ணோடு பாருங்கள். அரசுப் பள்ளியில் ஆறாவதுக்கு எடுக்கும் நிரந்தர ஆசிரியர் பெரும்பாலும் ஆசிரியர் பயிற்சி முடித்து, தகுதித் தேர்வோ போட்டித் தேர்வோ எழுதி வந்தவர். உங்கள் தெருப் பள்ளியில் கணக்கு எடுப்பவர் என்ன படித்திருக்கிறார் என்று நீங்கள் இதுவரை கேட்டிருக்க மாட்டீர்கள்.

இரண்டாவது, மகளுக்கு ஐந்து கணக்கு கொடுங்கள். 503இல் 78 போனால் எவ்வளவு. 624ஐ 6ஆல் வகுக்க. 735ஐ 6ஆல் வகுத்து மீதி சொல்ல. அரையும் காலும் சேர்ந்தால் எவ்வளவு. நாலாயிரத்து ஐம்பதை எண்ணால் எழுத. விடைகள்: 425, 104, 122 (மீதி 3), முக்கால், 4,050. 624க்கு 14 என்று எழுதினால், நடுவில் பூஜ்யம் போட வேண்டும் என்பது அவளுக்குப் புரியவில்லை. இடமதிப்பிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். அரையும் காலும் ஆறில் இரண்டு என்றால் பின்னம் புரியவில்லை. ஒரு சப்பாத்தியை வெட்டிக் காட்டினால் அன்றைக்கே புரிந்துவிடும். இந்தத் தாளைத் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பள்ளியில் தசராவுக்குள் இதே மாதிரி இன்னொரு தாள் எழுத வைத்து ஒப்பிட்டால், பள்ளி அவளுக்கு என்ன செய்திருக்கிறது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். முன்னேற்றம் இல்லை என்றால் முதலில் வகுப்பாசிரியர், பிறகு தலைமை ஆசிரியர், பிறகு எஸ்.டி.எம்.சி., அதற்கும் மேல் வட்டாரக் கல்வி அதிகாரியான பி.இ.ஓ. ஆபீஸ். எழுத்தில் கொடுத்து ஒரு நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

சேர்க்கைக்கு டீசி, அதில் சாட்ஸ் எண் (மாநில அரசின் மாணவர் பதிவுத் தளத்தில் பிள்ளைக்குரிய எண்), ஆதார் நகல், சாதி மற்றும் வருமானச் சான்று, மகள் பெயரில் வங்கிக் கணக்கு, இவ்வளவும் தயாராக இருந்தால் ஒரே நாளில் முடியும். சாட்ஸில் பழைய பள்ளி மகளின் பெயரை விடுவிக்காவிட்டால் புதுப் பள்ளியில் பதிவு நிற்காது, இலவசப் புத்தகம், யூனிஃபார்ம் கணக்கிலும் தாமதமாகும். அதனால் டீசி வாங்கும்போதே அதையும் செய்யச் சொல்லுங்கள். ஃபீஸ் பாக்கி என்று பழைய பள்ளி டீசியை இழுத்தடித்தால், பயந்து ஒரு வருடத்தை வீணாக்க வேண்டாம். டீசி தாமதமாவதைக் காரணம் காட்டிப் புதுப் பள்ளியில் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவு சொல்கிறது. அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் இதைச் சொல்லி மகளை வகுப்பில் உட்கார வைத்துவிட்டு, டீசிக்கு பி.இ.ஓ. ஆபீஸில் எழுதிக் கொடுங்கள். மே மாதக் கடைசியில் பள்ளி திறக்கும். முதல் வாரத்திலேயே அந்த ஐந்து கணக்குத் தாளைக் கணக்கு ஆசிரியரிடம் கொடுத்து, அவள் எங்கே தடுமாறுகிறாள் என்று காட்டிவிடுங்கள்.